அச்சத்துடன் கூடிய புகைப்படம், இரண்டு பிரதிகள்

ஒரு அணை இருந்தால் அதற்கு ஒரு கலிங்கு இருக்கும். அணை நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற வழி அது. வழி அகலமாக இருந்தால் தண்ணீர் ஓடைக்குப் போகும். குறுகலாக இருந்தால் பக்கத்தில் யார் காடு இருக்கிறதோ அதற்குள் போகும். இது மூணாங்கிளாஸ் பிள்ளைக்கே புரியும். அதனால்தான் இதை ஆராய ஒரு குழு போட்டார்கள்.

எங்கள் ஊர் அரூருக்கு மேற்கே. சீங்காட்டு அணையின் கலிங்கை ஒட்டி இருக்கிற ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காடு எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அணை நிரம்பியபோது கலிங்கின் இடது சுவர் விரிசல் விட்டு, எங்கள் மரவள்ளி மொத்தமும் ஓடையோடு போனது. அன்றையிலிருந்து என் அம்மா அமுதவல்லிக்கு ஒரே கோரிக்கைதான். கலிங்கை அகலப்படுத்த வேண்டும். நான் பிளஸ் டூவோடு நின்றுவிட்டதால் மனு எழுதுகிற வேலை மகளான எனக்கு வந்தது.

பதினேழாவது மனுவுக்குப் பதில் வந்தது. "மேற்படி கலிங்கு போதுமானதாக இல்லை என்பதை நிரூபிக்கும் வகையில், நீர் வழிந்தோடும்போது பொதுமக்கள் அச்சத்துடன் காணப்படும் புகைப்படம் இரண்டு பிரதிகள் இணைக்கப்பட வேண்டும்."

அந்தப் பதிலோடு நான் அணை ஆபீசுக்குப் போனேன். பொறியாளர் மாதவராஜ் சார் பழைய படங்களை எடுத்துப் போட்டார். எங்கள் பக்கம் அணை நிரம்பினால் பம்பை அடித்து, கலிங்கு மேலேயே கெடா வெட்டுவோம். அதிகாரிகள் வந்து பூத் தூவுவார்கள். அதனால் அத்தனை படத்திலும் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மரவள்ளி போன படம் ஒன்றுகூட இல்லை. அது விழா நிகழ்ச்சியில் சேராதாம்.

"இத அனுப்பினா பணம் வருமாம்மா? கல்யாண வூடு மாதிரி இருக்கு" என்றார் சார்.

"அப்ப அடுத்த வெள்ளம் வரைக்கும் காத்திருக்கணுங்களா?"

"காத்திருக்கலாம். ஆனா நிதியாண்டு முடியறதுக்குள்ள வெள்ளம் வந்தாகணும்."

அப்போது மாசி மாசம். அணைக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எனவே வெள்ளத்தை நாமே ஏற்பாடு செய்வதென்று முடிவானது. இதற்கென்றே சென்னையிலிருந்து தமிழ்மணி என்கிற ஆலோசகர் ஒரு டிரோனோடு வந்து இறங்கினார். நாலு டேங்கர் தண்ணீரைக் கலிங்கு மேட்டிலிருந்து சரித்துவிடுவது, பின்னால் காய்ந்து கிடக்கிற அணை தெரியாமல் படம் எடுப்பது என்பது அவர் திட்டம். தண்ணீருக்கு எங்கே போவது என்று பார்த்தார்கள். பக்கத்தில் எங்கள் கிணறுதான் இருந்தது. தண்ணீர் அதிகமாகி எங்கள் காடு அழிகிறது என்று நிரூபிக்க, காட்டுக்குப் பாய வேண்டிய தண்ணீரை நாங்களே இறைத்துக் கொடுத்தோம். கிணறு தரை தட்டியது. கலிங்கு வந்தால் போதும், ஒரு வாரம் காய்ந்தால் காயட்டும் என்றாள் அம்மா.

ஆலோசகர் ஊர் ஜனத்தை வரிசையாக நிறுத்தி அரை நாள் பயப்படப் பழக்கினார். கண்ணை விரிக்க வேண்டும். கை தலையில் இருக்க வேண்டும். போன் நோண்டக் கூடாது. நன்றாகத்தான் பயந்தோம். டேங்கரைத் திறந்தார்கள். தண்ணீர் கலிங்கைத் தாண்டியதும் பாசன சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கெடா எங்க?"

இது போட்டோவுக்குத்தான் என்று ஆலோசகர் விளக்கினார்.

"தண்ணி மேகத்துல வந்தா என்னங்க, லாரில வந்தா என்னங்க? கலிங்கு தாண்டுதில்ல? வெட்டாம வுட்டா ஊருக்கு ஆகாது."

ஊருக்கு ஆகாது என்று சொன்ன பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. கெடா வந்தது, பின்னாலேயே பம்பையும் பூத்தட்டும் வந்தன. பம்பை காதில் விழுந்ததும் மாதவராஜ் சாரின் கை பழக்கதோஷத்தில் தானாகப் பூத் தூவியது. ஜனம் சிரித்தது. நானும்தான். டிரோன் ஒன்றையும் விடாமல் எடுத்தது. மறுபடி எடுக்கக் கிணற்றில் தண்ணீர் இல்லாததால் அந்தப் படங்களே மேலே போயின.

பங்குனியில் உத்தரவு வந்தது. படங்களைக் கணினி ஆராய்ந்ததில் மகிழ்ச்சி தொண்ணூற்று நான்கு சதவீதமாகவும் அச்சம் ஆறு சதவீதமாகவும் இருந்ததாம். அந்த ஆறும் கெடாவுடையது. எனவே கோப்பு பாதுகாப்புப் பிரிவிலிருந்து நீர்முனை மகிழ்ச்சித் திட்டத்துக்கு மாற்றப்பட்டு, படம் எடுக்கப்பட்ட அதே இடத்தில் செல்ஃபி பாயிண்ட் அமைக்க நிதி ஒதுக்கப்பட்டது. கலிங்கின் வாயில் ஆளுயரத்துக்கு எழுத்து எழுத்தாக ஊர்ப் பேர் எழும்பியது. பேருக்கு நடுவில் ஒரு சிவப்பு இதயம். தண்ணீர் போகிற வழியில் முக்கால்வாசி கான்கிரீட் ஆகிவிட்டது.

அம்மா நேராக ஆபீசுக்குப் போனாள்.

"அகலப்படுத்தச் சொன்னா அடைச்சு வச்சிருக்கீங்களே சார்."

மாதவராஜ் சார் கெட்டவர் இல்லை. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அகலப்படுத்த நிதி இல்லம்மா. அடைக்க நிதி இருக்கு. நிதி இருக்கற வேலையத்தான நாங்க செய்ய முடியும்?"

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. அணை நிரம்பியது. தண்ணீர் எழுத்துகளில் முட்டித் திரும்பி, இடது சுவரைச் சாய்த்துக்கொண்டு எங்கள் காட்டுக்குள் இறங்கியது. மரவள்ளி கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தது. அம்மா முட்டளவு தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதாள். நான் ஓடிப்போய் மாதவராஜ் சாரைக் கையோடு கூட்டி வந்தேன். இப்போது எடுங்கள் சார் படம், வெள்ளமும் நிஜம், அழுகையும் நிஜம் என்றேன்.

சார் போனை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். போனைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு ஆள் அழுதா அது குடும்பப் பிரச்சினைம்மா. பத்து பேராச்சும் அழுதாத்தான் வெள்ளம். இன்னும் ஒம்பது பேரக் கூட்டிட்டு வா."

ஒன்பது பேரைத் தேடிக் கரை மேலே ஏறினேன். ஊரே அங்கே பந்தியில் இருந்தது. கிருஷ்ணப்பன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"உக்காரு கண்ணு. சாப்புட்டு வந்து எல்லாருமா அழுவலாம்."

இலை போட்டார்கள். எனக்குப் பின்னாலேயே வந்த மாதவராஜ் சார் எதிர் வரிசையில் உட்கார்ந்தார். கறி நன்றாக வெந்திருந்தது. நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.