துரை பங்களாவில் சுற்றிப் போட்ட மிளகாய்

வெள்ளைக்காரர்கள் ஒன்பது பேரை ஒரே சமயத்தில் கண்ணீர்விட வைத்தவன் நான். ஏதோ பெரிய போராட்டக்காரன் என்று எழுந்து நின்றுவிடாதீர்கள். நான் வெறும் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்ததில்லை. (அந்தப் பேனாவும் ஒழுகும்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி நாலே மாதத்தில், கோலாலம்பூரிலிருந்து என்னை மலைமேல் இருந்த ஓர் ஓய்வு பங்களாவுக்கு ஸ்டோர் கிராணியாக மாற்றினார்கள். அங்கே காலையில் பனி, மாலையில் பனி, நடுவில் மழை. என் மனைவி பாக்கியம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தன் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"அங்க என்னங்க காய்க்கும்?" என்று கேட்டாள்.

"கோஸு, கேரட்டு. ரோஜாப்பூகூட பூக்கும்."

"மிளகா?"

நான் ரோஜாப்பூவைப் பற்றியே இன்னொரு தடவை சொன்னேன்.

"ஒரு மிளகாகூட காய்க்காத குளிர்ல எப்படிங்க குடும்பம் நடத்துறது? காய்ச்சா சொல்லுங்க, வரேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் அதைச் சர்க்கார் உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன். கிள்ளான் பாசாரில் ஊசி மிளகாய், குண்டு மிளகாய், வானத்தைப் பார்த்துக் காய்க்கிற மிளகாய் என்று விதைக்கு வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் வீட்டு நீட்டு மிளகாய் விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அங்கே இங்கே கெஞ்சியதில் மொத்தம் ஏழு ரகம் சேர்ந்தது. விதைகளை ஈரத்துணியில் முடிந்து, பங்களாவில் வெந்நீர் போடும் அறையில் பாய்லர் பக்கமாகத் தொங்கவிட்டேன். முளைத்ததை மண்ணெண்ணெய் டின்களில் நட்டேன். வெயில் எங்கே எட்டிப் பார்க்கிறதோ, அங்கே டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பனியில் வண்டு வராது என்பதால் கோழி இறகை வைத்துக்கொண்டு பூ பூவாக நானே தடவிவிட்டேன். (என் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை. அவர்களே சொல்வார்கள்.)

காய்த்தது ஐயா! பச்சையாக, அப்புறம் சிவப்பாக! பங்களாவை நடத்திய துரையின் மனைவி, துரைசாணி அம்மாள், பார்த்தவுடன் மயங்கிப்போய் டின்களை ஹாலில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். முதலில் பழுத்ததை மட்டும் பறித்து உலர்த்தி வைத்துக்கொண்டு, "காய்த்துவிட்டது, புறப்படு" என்று எழுதிப்போட்டேன். "சனிக்கிழமை அப்பாவோட லோரியில வரேன். செடியப் பாத்துட்டுத்தான் இருக்கிறதா, திரும்புறதான்னு சொல்வேன்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஹாலுக்குப் போனால் ஏழு செடியும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. தரையெல்லாம் மஞ்சள் இலை. கொஞ்சம் மூளை இருப்பவன், கணப்பு சாயங்காலம் மட்டும்தான் எரிகிறது, மற்ற நேரமெல்லாம் ஹால் குளிர்ந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்திருப்பான். நான் வேறொன்றைக் கண்டுபிடித்தேன். கண்! விருந்தாளிகள் ஒன்பது பேர் ஒரு வாரமாக அந்தச் செடிகளைச் சுற்றி நின்று "லவ்லி, லவ்லி" என்று வாயைப் பிளந்திருந்தார்கள். ஒன்பது ஜோடி நீலக் கண் விழுந்தால் செடி தாங்குமா?

சுற்றிப் போட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன். அதற்குக் காய்ந்த மிளகாய் வேண்டும், உப்பு வேண்டும், கண் போட்டவர்களின் காலடி மண் வேண்டும். வராந்தாவில் வரிசையாகக் கழற்றி வைத்திருந்த பதினெட்டுப் பூட்ஸிலிருந்தும் பேனாக்கத்தியால் மண்ணைச் சுரண்டினேன். வழக்கமாக மூன்று மிளகாய் போதும். ஸ்டோர் கிராணிப் புத்தி விடுமா? ஆளுக்கு மூன்று, ஒன்பது பேருக்கு இருபத்தேழு. பாக்கியத்துக்குக் காட்ட வைத்திருந்த உலர்ந்த மிளகாய் அத்தனையும் அதில் தீர்ந்தது.

சாயங்காலம் விருந்தாளிகள் ஹாலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் செடிகளை வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றினேன். தூசி தட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கையில் பிடித்திருந்ததை அப்படியே கணப்பில் போட்டேன்.

கண் பட்டிருந்தால் நெருப்பில் போட்ட மிளகாய் கமறாது, படாவிட்டால்தான் கமறும் என்பார்கள். ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்று எனக்கே சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன்.

அப்புறம் கமறியது. கமறிய கமறலைப் பார்த்தால் அந்தச் செடிகள்மேல் பிறந்த நாளிலிருந்து ஒரு ஈயின் கண்கூடப் பட்டிருக்காது. நம் வீடுகளில் இதைக் கொல்லைப்புறத்தில் செய்வோம், புகை மேலே போய்விடும். இங்கே குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பெரியவர் வாயில் கேக்கோடு ஜன்னல் வழியாகக் குதித்தார். ஒன்பது பேரும் புல்தரையில் நின்று குலுங்கிக் குலுங்கி இருமினார்கள். "ஆப்பா இனி? ஆப்பா இனி?" என்று துரை மலாயில் கத்தினார். என்ன இது என்று கேட்கிறார்.

சரியாக அந்த நேரம் பார்த்து லோரி வந்து நின்றது. பாக்கியமும் மாமனாரும் இறங்கினார்கள். வேலையும் போச்சு, பெண்டாட்டியும் போனாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

துரைசாணி அம்மாள் ஓடிவந்து காரணம் கேட்டார். பொய் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. செடிக்குக் கண் பட்டுவிட்டது என்றேன். யாருடைய கண் என்றார். ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் காட்டினேன். அந்த அம்மாள் புல்லிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தபிறகு துரையால் என்னை வேலையைவிட்டு நீக்க முடியவில்லை. "அந்தச் சனியன்களை இப்போதே உன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ!" என்பதோடு விட்டார்.

பாக்கியம் மட்டும் காற்றை மோந்து பார்த்தபடி நின்றாள். ஒரு தும்மல் போட்டாள்.

"இது நீங்க வளத்த மிளகாயா?"

"ஆமா."

"கடை மிளகா இப்படிக் கமறாதுங்க." அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, பெட்டிய எறக்குங்க."

அந்த மலையில் அன்று என்னைவிடப் பெரிய துரை யாரும் இல்லை!

டின்கள் பாக்கியத்தின் அடுப்படிக்குப் போயின. நாள் முழுக்க அடுப்பெரிகிற இடமல்லவா, இரண்டே மாதத்தில் ஏழு ரகமும் காய்த்துக் குலுங்கின. கடைசியில் துரையே ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டு மிளகாயைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிப் பல வருஷமாகிவிட்டது. இன்றும் வீட்டில் தாளிக்கும்போது யாராவது இருமினால், "துரை வந்துட்டாரு, ஜன்னலத் தொற!" என்று பிள்ளைகள் கத்தும். மூத்தவளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஒரு பையன் வந்தான். வந்து உட்கார்ந்ததும் தாளிக்கிற நெடியில் இருமினான். பிள்ளைகள் "துரை வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே எல்லா ஜன்னலையும் திறந்தார்கள். தனக்குத்தான் அந்த மரியாதை என்று அவன் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது எங்கள் மாப்பிள்ளை. விஷயத்தை இன்னும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.