சம்பந்தி கொண்டுவந்த ரவுட்டர்

பூட்டுக்கடைக்காரரின் கௌரவத்துக்கு அன்று மதியம் ஒரு விலை போட்டாகிவிட்டது: புத்தம்புது ரவுட்டர் ஒன்று, அட்டைப்பெட்டியோடு.

பெட்டியைக் கொண்டுவந்தவர் சம்பந்தி. மருமகளின் அப்பா, மெத்தை வியாபாரி. அவர் கடை மெத்தை போலவேதான் அவரும். எங்கே அமுக்கினாலும் உள்ளே போவார், கையை எடுத்ததும் பழையபடி எழும்பிவிடுவார்.

"இங்க நெட்டு அடிக்கடி போகுதுன்னு பொண்ணு சொன்னா. இத மாட்டிக்குங்க சம்பந்தி," என்று பெட்டியை மேஜைமேல் வைத்தார். வைத்தாரே தவிர, அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

பூட்டுக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்தவர் நெட்டையும் கொடுத்தார் என்று நாளைக்கு உறவுக்காரர் கூடுகிற இடத்திலெல்லாம் பேச்சு ஓடும். அதைவிட நெட்டே இல்லாமல் இருந்துவிடலாம்.

"நம்ம ரவுட்டருக்கு ஒரு குறையும் இல்ல. உள்ள இருக்கிற சாஃப்ட்வேர்தான் பழசு. இன்னைக்கு நானே மாத்தப்போறேன்," என்றார்.

பொய்யில்லை. அந்த ரவுட்டரைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. இப்படிக் கைவிடப்பட்ட ரவுட்டர்களுக்காகவே முகம் தெரியாத யாரோ சிலர் புது சாஃப்ட்வேர் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைப் போடுவது எப்படி என்று ஒரு மாதமாக வீடியோ பார்த்துவந்தார். இலவசம் என்ற சொல்தான் அவரைத் தடுத்துவந்தது. பேரம் பேசாமல் வீட்டுக்குள் வந்த பொருள் எதுவும் அவர் ஆயுளில் உருப்பட்டதில்லை.

மருமகளுக்கு ஐந்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங். அதுவரைக்கும் பார்ப்பது, நெட் வராவிட்டால் பெட்டியைப் பிரிப்பது என்று அவர் மனைவி தீர்ப்புச் சொன்னாள். மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூட்டுக்கடைக்காரர் லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இறக்கி வைத்திருந்த ஃபைலை ஏற்றினார். நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடும் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். உடனே சம்பந்தி எழுந்து சுவிட்ச்போர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்சார வாரியமே அவர் பொறுப்பில் இருப்பதுபோல் இருந்தது.

ஏற்றி முடிந்தது. ரவுட்டரில் விளக்கு எரிந்தது. வைஃபையைக் காணோம்.

மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள்.

"அவசரப்படாதீங்கம்மா," என்று சம்பந்தி வந்து உட்கார்ந்து பெட்டியை மடிக்கு மாற்றிக்கொண்டார். "சம்பந்திமேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

இது குத்தலா, பாராட்டா என்று பூட்டுக்கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. எதுவானாலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் ஆகவேண்டும். நிமிர்த்தினார். போன் டேட்டாவில் தேடிப்பார்த்ததில், புது சாஃப்ட்வேர் வைஃபையை அணைத்தே வைத்திருக்கும், கேபிள் போட்டு உள்ளே போய் நாம்தான் திறக்கவேண்டும் என்று தெரிந்தது. கேபிளைப் பரணிலிருந்து எடுத்தவர் சம்பந்தி. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறவர், ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு ஏறினார்.

கேபிள் மாட்டியதும் விளக்கு வேறு மாதிரி துடித்தது. அணைந்து எரிந்தது, திரும்ப அணைந்து எரிந்தது. ரவுட்டர் தானே செத்துத் தானே பிழைத்துக்கொண்டிருந்தது. காரணம் அதன் அடிவயிற்றில் இருந்தது. ஒரே மாடலில் இரண்டு ரகம் உண்டு. எந்த ரகம் என்று கீழே அச்சடித்திருப்பார்கள். வீட்டில் எதைக் கண்டாலும் கடை விலைச்சீட்டை ஒட்டிப்பார்க்கிற பழக்கத்தில், அவர் அந்த எழுத்தின்மேலேயே ஒன்றை ஒட்டியிருந்தார். பிய்த்துப் பார்த்தால் இரண்டாம் ரகம். ஏற்றியது முதல் ரகத்துக்கான ஃபைல்.

"போச்சா?" என்றாள் மனைவி.

"தப்பான சாவி போட்டுட்டேன். பூட்டு நல்லாத்தான் இருக்கு."

"மணி நாலரை. சம்பந்தி, அந்தப் பெட்டியக் குடுங்க."

சம்பந்தியின் நெற்றியில் வேர்வை பூத்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை பாத்துடலாமே," என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. தன் வீட்டு மானத்துக்காக இன்னொருத்தர் இப்படித் தவிப்பதைப் பூட்டுக்கடைக்காரர் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தின்போது இந்த மனிதரோடு வேன் வாடகைக்காகச் சண்டை போட்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அவசர வழி ஒன்று இருந்தது. பின்பக்கத்துப் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ரவுட்டரை எழுப்பவேண்டும். அப்போது சரியான ஃபைலை வாங்கிக்கொள்ளும். சம்பந்தி மேஜைக்கடியில் மல்லாந்து படுத்து ஊசியைப் பிடித்தார். பெட்டி வயிற்றின்மேல் இருந்தது. பூட்டுக்கடைக்காரர் போன் டேட்டாவில் இரண்டாம் ரகத்து ஃபைலை இறக்கி ஏற்றினார். விளக்கு நிதானமாக எரிந்தது. வைஃபையைத் திறந்தார். பூட்டு விற்கிறவர் அல்லவா, பாஸ்வேர்டை யாராலும் உடைக்கமுடியாதபடி இருபது எழுத்தில் போட்டார். போட்டவருக்கே மறந்துபோனது.

மனைவி கத்தரிக்கோலை இருமுறை திறந்து மூடினாள்.

"ஊசி என் கையிலதான் இருக்கு," என்றது மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல்.

மறுபடி அழுத்தி, மறுபடி எல்லாம் செய்து, இந்தமுறை பாஸ்வேர்டாகக் கடையின் பெயரைப் போட்டார். ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் மருமகளின் அறையிலிருந்து மீட்டிங் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரு மணி நேரம் நடந்தது, ஒருமுறைகூட அறுபடவில்லை.

பூட்டுக்கடைக்காரர் எழுந்து நின்ற நிற்பில் ஒரு சாண் உயர்ந்திருந்தார். சம்பந்தி அவர் கையை இரண்டு கையாலும் பற்றி, இப்படியொரு மூளையைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. புது ரவுட்டரை வைத்துக்கொள்ளும்படி ஒரேயொரு தடவை சொல்லிப்பார்த்தார். வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்த கணமே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மருமகள் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"பாவம், காசு குடுத்து வாங்கினதத் திருப்பி அனுப்பிட்டோம். மனசு சங்கடப்பட்டிருக்கும்," என்றாள் மாமியார்.

"எங்க அப்பாவா? அது வெறும் பெட்டி, அத்தை. ரவுட்டர் எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு, பெட்டியில கனத்துக்கு ரெண்டு பழைய சார்ஜரு," என்று பெருமை பொங்கச் சொன்னாள் மருமகள். "பெரியப்பா வீடு, அப்பாவோட தங்கச்சி வீடு, அண்ணனோட மாமனார் வீடு, இப்ப நம்ம வீடு. நாலு வீட்டுக்குக் குடுத்தாச்சு, நாலு வீட்டுலயும் வேண்டாம்னாச்சு. அப்பாவுக்கு வரவு நாலு நல்ல பேரு, செலவு பெட்டிய ஒட்ட ஒரு டேப்பு, கையிருப்பு அதே பெட்டி."