பூவாத்தா எருமையும் கானகக் கானசபையும்

ஒரு காட்டில், அதுவும் டவர் நன்றாகக் கிடைக்கிற ஒரு காட்டில், பூவாத்தா என்று ஓர் எருமை இருந்தாள். சிங்கம் எங்கே, நரி எங்கே என்று தேடாதீர்கள். சிங்கத்துக்குச் சங்கீதம் ஆகாது. நரி வேறு ஏதோ கதையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறதாம். நமக்கு எருமை போதும்.

பூவாத்தாவுக்கு ஒரு குளம் இருந்தது, குளத்தில் சேறு இருந்தது, முதுகில் வெள்ளைச்சாமி இருந்தான். வெள்ளைச்சாமி ஒரு கரிச்சான் குருவி. அலகு முதல் ரெட்டை வால் வரை அட்டக் கருப்பு. பேர் வைத்தவனுக்குக் குசும்பு ஜாஸ்தி. பொழுது விடிந்ததும் அவள் முதுகில் வந்து உட்கார்ந்து உண்ணி பொறுக்குவான், பொறுக்கிக்கொண்டே பாடுவான். குயில் மாதிரி பாடுவான், மைனா மாதிரி பாடுவான், குஷி வந்துவிட்டால் ரேஞ்சர் ஜீப்பின் ஹாரன் மாதிரியும் பாடுவான். பூவாத்தா கண்ணை மூடிக்கொண்டு அசை போடுவாள். முதுகு அரிப்பும் தீரும், மனசும் குளிரும். ஒரு எருமைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

இப்படி இருக்கையில் வந்து சேர்ந்தது வினை. போனில் 'கானகக் கானசபை' என்று ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். அட்மின் மாணிக்கவேலர் என்கிற மயில். அவர் வாயைத் திறந்தால் பக்கத்துக் காட்டில் தொட்டில் குழந்தை வீறிட்டு அழும். ஆனால் குரூப்பில் குரலா தெரிகிறது, போட்டோதானே தெரிகிறது! தோகை விரித்த ஒரே ஒரு போட்டோ போட்டார், அட்மின் ஆகிவிட்டார்.

"அக்கா, அங்க எல்லாரும் சங்கீதம் தெரிஞ்சவங்க," என்றான் வெள்ளைச்சாமி ஒரு நாள், உண்ணியை விட்டுவிட்டுப் போனைக் கொத்தியபடி. "ஒரு பாட்டுப் போட்டாப் போதும், காடே கேக்கும்."

"அதான் நான் கேக்கறேனேடா."

"நீ கேக்கறதும் எருமை மேல மழை பெய்யறதும் ஒண்ணுதான்."

"மழை பெஞ்சா எனக்குச் சுகமாத்தானே இருக்கும்?" என்றாள் பூவாத்தா. பாவம், அவளுக்கு அது வசவு என்றே விளங்கவில்லை. அவன் தலையில் அடித்துக்கொண்டு, டவர் நன்றாகக் கிடைக்கிற இலவ மர உச்சிக்குப் பறந்துபோனான்.

போனவன் போனவன்தான். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. உண்ணிகள் பூவாத்தாவின் முதுகில் பந்தல் போடாத குறையாகக் கொண்டாடின. அரிப்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், மரத்தில் தேய்த்தால் கொஞ்சம் அடங்கும். பாட்டில்லாத காலைப் பொழுதைத்தான் எதில் தேய்ப்பது என்று தெரியவில்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. புல் இறங்கவில்லை.

சரி, அங்கே போய் அந்தப் பயல் பாடிக் கிழித்தானா என்றால், அதுவும் இல்லை. சபையின் சட்டம் அப்படி. முதலில் அறிமுகம், பிறகுதான் பாட்டு. எல்லோரும் எல்லோருக்கும் அறிமுகமாகிவிட வேண்டும், அப்போதுதான் மரியாதை என்று மாணிக்கவேலர் எழுதிப் போட்டிருந்தார். நல்ல சட்டம்தான். ஆனால் தினம் ஒருத்தர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். புதிதாக வந்தவருக்காக எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். அது முடிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். சபை ஆரம்பித்த நாள் தொட்டு அங்கே ஒரு பாட்டும் அரங்கேறவில்லை. வெள்ளைச்சாமி தன்னை அறிமுகம் செய்தே இளைத்துத் துரும்பாகிவிட்டான்.

எல்லோரையும் சொல்லிவிட்டு ஒருத்தரை விடக்கூடாது. குளத்தில் ஆமை சின்னையா இருந்தார். சபையில் முதல் நாளே சேர்ந்தவர். 'ஆமை டைப் செய்கிறார்' என்று அன்றைக்குக் காட்ட ஆரம்பித்தது, இன்னும் அப்படியேதான் காட்டிக்கொண்டிருந்தது.

பூவாத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், நாமும் அதே குரூப்பில் சேர்ந்து அவனைக் கையோடு கூட்டிவந்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். எருமைக்கு ஏது போன் என்று கேட்கிறீர்களா? நன்றாயிருக்கிறது! பேசுகிற எருமையை ஒத்துக்கொண்டீர்கள், போன் வைத்திருக்கிற எருமையை ஒத்துக்கொள்ள மாட்டீர்களா? குண்டுமணித் தவளை லிங்க் அனுப்பினான், அவள் நாக்கால் ஒரு நக்கு நக்கினாள், சேர்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான், ஆரம்பித்தார்கள்.

"வணக்கம். நான் மாணிக்கவேலர். குரலுக்கும் தோகைக்கும் ஒரே நேரத்தில் சொந்தக்காரர். என் பாட்டைக் கேட்டு மேகமே அழுதிருக்கிறது," என்றார் மயில்.

"வணக்கம். நான் வரதப்பன். கழுதை. பரம்பரைப் பாடகன். எங்கள் தாத்தா பாட ஆரம்பித்தால் ஊரே எழுந்து வரும். சிலர் கல்லோடு வருவார்கள், அது அவர்கள் வளர்ப்பு."

"வணக்கம், குண்டுமணி. மழைக்கால வித்வான். ஒரே சுரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நிற்பேன்."

வெள்ளைச்சாமியும் எழுதினான். "வணக்கம். கரிச்சான். பல குரல்." எழுதி எழுதி அவன் அறிமுகம் தேய்ந்து அவ்வளவாகிவிட்டிருந்தது.

கடைசியில் பூவாத்தாவின் முறை வந்தது. மூக்கால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள்.

"வணக்கமுங்க. நான் பூவாத்தா. எருமை. எனக்குப் பாட வராதுங்க. யாராச்சும் பாடுனா கேப்பேன். வெள்ளைச்சாமிப் பயலைக் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்புங்க, முதுகு அரிக்குது."

ஆமைகூட டைப் செய்வதை நிறுத்தினார்.

"கேட்பீர்களா?" என்று மெதுவாக எழுதியது கழுதை. "முழுப் பாட்டையுமா?"

"பாதியில எந்திரிச்சு ஓட நான் என்ன ஆடா? எருமைங்க. படுத்தா படுத்ததுதான்."

அடேயப்பா! அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. அந்தச் சபையில் பாடகர் இருந்தார்கள், மெட்டுப் போடுகிறவர் இருந்தார்கள், குரல் பராமரிப்பு ஆலோசகர் என்று ஒரு பல்லிகூட இருந்தது. கேட்கிறவர் என்று ஒரு ஜீவன் கிடையாது. கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர்களாகவே வந்து இறங்கி, பந்தியில் உட்கார ஆளில்லாத கதைதான். அதில் வாழை இலை போட்டுக்கொண்டு ஒருத்தி வந்து உட்கார்ந்தால் விடுவார்களா? முதுகு அரிக்கிறது என்று எழுதியிருந்தாளே, அதை யாரும் படிக்கவே இல்லை.

விடிந்தபோது குளக்கரையில் திருவிழாக் கூட்டம். மாணிக்கவேலர் இலையில் அலகால் ஓட்டை போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். பூவாத்தாவுக்குச் 'சபையின் முதன்மை ரசிகை' என்று பட்டம் கொடுத்து மாலையும் போட்டார்கள். அவள் மாலையைத் தின்றுவிட்டாள்.

அந்தக் கூட்டத்துக்கு மேலாக வெள்ளைச்சாமி பறந்து வந்தான். நேரே அவள் முதுகில் இறங்கப் பார்த்தான். மயில் தோகையை விரித்து மறித்தார்.

"தம்பி, டோக்கன் எங்கே?"

"இது எங்க அக்காங்க. நான் தினமும் இவங்க முதுகுலதான்..."

"அதெல்லாம் அப்போ. இப்போ அம்மா சபையின் சொத்து. வரிசையில வா."

"டேய் வெள்ளை!" என்று கத்தினாள் பூவாத்தா. அதற்குள் குண்டுமணி தன் சுரத்தைப் பிடித்துவிட்டான். அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. வெள்ளைச்சாமி வரிசைக் கடைசியில், காட்டுப்பன்றிக்கும் பின்னால், ஒரு கள்ளிச்செடி மேல் போய்த் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்தான். எருமை மேல் மழை பெய்த மாதிரி என்று சொன்னவனுக்கு, இன்று அந்த எருமை முன்னால் பாட டோக்கன் கிடைக்கவில்லை பாருங்கள்.

கச்சேரி நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. காதோரம் ஈ மொய்த்ததால் பூவாத்தா தலையை ஆட்டினாள். "ரசிக்கிறாங்க!" என்று கூட்டம் கும்மாளமிட்டது. உண்ணி கடித்ததில் தோலைச் சிலிர்த்தாள். "மெய் சிலிர்க்குது பாருங்க!" என்று கழுதை கண்ணீர் விட்டது. பாடி முடித்தவர்கள் சும்மா போவார்களா? அட்மினுக்கு வேண்டப்பட்டவர்கள் என்று மறுபடி முன்னால் புகுந்தார்கள். வெள்ளைச்சாமி இருந்த இடத்திலேயே இருந்தான். முன்னால் இத்தனை பேர் நின்றார்களே, முதுகில் ஏறிச் சொறிந்துவிட ஒருத்தன் இல்லை. அவளுக்குத் தூரத்தில் அந்தக் கருப்பு வால் மட்டும் தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். கழுதை பாடி முடித்ததும், தவளை தொடங்கினான். கழுதை உடனே போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தது.

"ஏன் வரதப்பா," என்றாள் பூவாத்தா, "அவன் பாடுறானே, நீ கேக்கலையா?"

கழுதை அவளை வினோதமாகப் பார்த்தது. "நானா? நான் எதுக்கும்மா கேக்கணும்? நான் பாடகன் ஆச்சே!"

பூவாத்தா அசை போடுவதை நிறுத்தினாள். எருமை யோசித்தால் மெதுவாகத்தான் யோசிக்கும், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் அதைத் தள்ளிவிட யாராலும் முடியாது. வரிசையை ஒரு முறை பார்த்தாள். ஒருத்தர் காதும் முன்னால் பாடுகிறவர் பக்கம் இல்லை. எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கால் போனை இழுத்தாள்.

"வணக்கமுங்க. மறுபடியும் பூவாத்தா. போன தடவை அறிமுகத்துல ஒரு சின்னத் தப்பு. நானும் பாடுவேன். இந்தாங்க கேளுங்க."

எழுதிவிட்டு, நெஞ்சில் இருந்த ஆத்திரம், ஏக்கம், அரிப்பு எல்லாவற்றையும் கூட்டி, "ம்ம்ம்மாஆஆஆ!" என்று குளத்துத் தண்ணீர் நடுங்க ஒரு கத்துக் கத்தி, அதைக் குரல் பதிவாக அனுப்பிவிட்டாள். குரூப்பின் சரித்திரத்தில் அரங்கேறிய முதல் பாட்டு அதுதான். சட்டப்படி அது தப்பு, அறிமுகங்கள் இன்னும் முடியவில்லை. ஆனால் கரையில் செருமிக்கொண்டிருந்தவர்கள் காதில் அது ஏறவில்லை, பதிவையும் யாராவது திறந்து கேட்டால்தானே அது என்ன பாட்டு என்று தெரியும்?

"அற்புதம்! அபாரம்!" என்று மாணிக்கவேலர் அந்தக் கணமே பதில் போட்டார். கைதட்டும் பொம்மைகள் மளமளவென்று விழுந்தன. "என்ன ஒரு குரல் வளம்!" என்றது பல்லி. அதன் போனில் நெட் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, பக்கத்து ஓணான் சொல்லித்தான் அதற்கே விஷயம் தெரியும்.

குளக்கரையோ ஆடிக் காற்றில் அம்மி பறந்த மாதிரி ஆகிவிட்டது. ரசிகையிடம் பாடலாம், பாடகியிடம் போய்ப் பாடுவதா? அவள் திருப்பிப் பாடிவிட்டால் யார் கேட்பது? கழுதைக்குத் திடீரென்று பொதி ஞாபகம் வந்தது. தவளை தண்ணீருக்குள் போய்விட்டான். மாணிக்கவேலர் "தொண்டை கட்டியிருக்கு" என்று தோகையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கள்ளிச்செடி மேல் ஒருத்தன் மட்டும் மிச்சம்.

அவன் மெதுவாகப் பறந்து வந்து அவள் கொம்பில் உட்கார்ந்தான்.

"கேட்டேன்," என்றான்.

"எதை?"

"உன் பாட்டை. படு கேவலமா இருந்துச்சு அக்கா."

"முழுசாவா கேட்ட?"

"முழுசா. ரெண்டு தடவை." அவன் தொண்டையைச் சரி செய்துகொண்டு, "ம்ம்ம்மாஆஆஆ!" என்று அச்சு அசலாக அவளைப் போலவே கத்திக் காட்டினான். அந்தக் குட்டி உடம்பிலிருந்து அப்படி ஒரு எருமைச் சத்தம்!

பூவாத்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. காடு முழுக்கப் பாடகர்கள். அவள் பாட்டைத் திறந்து கேட்டவன் இவன் ஒருத்தன். "ஏறுடா மேல," என்றாள். "உண்ணி எல்லாம் உனக்காகத்தான் கொழுத்துக் கிடக்கு."

வெள்ளைச்சாமி முதுகில் ஏறினான். பொறுக்கினான், பாடினான். குயில் வந்தது, மைனா வந்தது, ரேஞ்சர் ஜீப்பும் வந்தது. மூன்றாவது பாட்டில் பூவாத்தா குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. குறட்டைக்குச் சுருதி சேர்த்து நாலாவது பாட்டை எடுத்தான்.

அப்போது குளத்தோரத்தில் ஒரு போன் சிணுங்கியது. ஆமை சின்னையா ஒருவழியாகத் தன் அறிமுகத்தை எழுதி முடித்து அனுப்பிவிட்டிருந்தார்.

"வணக்கம். நான் சின்னையா. ஆமை. எனக்குப் பாட வராது. ஆனால் சாவகாசமாக உட்கார்ந்து கேட்பேன்."

காட்டுக்குள் தூசி கிளம்பியது. குளம்புச் சத்தமும் இறக்கைச் சத்தமும் குளத்தை நோக்கி வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் கழுதை தொண்டையைச் செருமுவது கேட்டது. சின்னையா இன்னொரு வரி எழுதலாமா என்று யோசித்தார். அதற்கு எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

நீதி: பாட்டுக் கேட்கப் பிடிக்கும் என்று யாரிடமும் வாயைத் திறந்துவிடாதே. நானும் பாடுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவை. அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம்.