சந்தைத் திடலில் முழங்கால் அளந்த கதை

நல்லது செய்கிறேன் என்று வருகிறவனை நான் இன்றுவரை நம்புவதில்லை. ஒருமுறை நானே அப்படிக் கிளம்பியவன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அரியலூரில் நான் தற்காலிக ஓவர்சியர் ('தற்காலிக'வை விழுங்கிவிட்டுத்தான் வெளியில் சொல்வேன்). ஊர் பெருத்துவிட்டது, சந்தைக்கு வருகிற ஜனத்துக்கு உட்கார இடமில்லை. புளியமர நிழலில் கல்பெஞ்சு போட உத்தரவு வந்தது.

"சந்தையன்னிக்கு வந்து பார்ப்பேன். ஜனம் உட்கார்ந்திருந்தாத்தான் உன் வேலை நிரந்தரம்" என்றார் அதிகாரி. வேலை நிரந்தரமானால்தான் எனக்குப் பேசிவைத்திருந்த உடையார்பாளையத்துப் பெண்ணைத் தருவார்கள்.

சும்மா போட்டால் நான் என்ன ஓவர்சியர்? ஜனத்தின் முழங்காலை அளந்து, அந்த உயரத்துக்கே பெஞ்சு போட முடிவு செய்தேன். காக்கி நிக்கர், காக்கிச் சட்டை, கையில் டேப்பும் நோட்டும் (புத்தியைத்தான் எடுத்துப் போகவில்லை). மீன்சுருட்டியிலிருந்து கடலை விற்க வந்தவரை முதலில் பிடித்தேன்.

"நேரா நில்லுங்க. பேரு?"

"எதுக்குங்க?"

"உங்க நல்லதுக்குத்தான்."

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றார். பக்கத்திலிருந்தவர் கேட்காமலேயே நொண்ட ஆரம்பித்தார். ஊரில் இத்தனை ஊனமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதற்குள் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறான் என்று பேச்சு பரவி, ஆம்பிளைகள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். நொண்டியவர்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். வேறு வழியில்லாமல் என் முழங்காலை நானே அளந்து பெஞ்சு போட்டேன்.

அதிகாரி வந்த அன்று ஆறு பெஞ்சும் காலி. ஆண்கள் வெயிலில் நின்றபடி அவற்றை முறைத்துக்கொண்டிருந்தார்கள். போச்சு, வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஒரு அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தைரியமாக உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. "வாங்க, நிழலா இருக்கு" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"நீ உட்காரு. பொம்பளைய எடுக்க மாட்டானுங்க" என்றார் அவர், இடத்தை விட்டு நகராமல்.

அவ்வளவுதான். அரைமணியில் ஆறு பெஞ்சிலும் பெண்கள், காலை ஆட்டிக்கொண்டு. அதிகாரிக்கு ஏக சந்தோஷம். என் வேலை நிரந்தரமாயிற்று.

அந்த அம்மாள்தான் பெண்ணைப் பெற்றவள். மாப்பிள்ளையை மறைவாகப் பார்த்துப்போகப் புருஷனோடு வந்திருக்கிறாள். "பொம்பளைக்கு உட்கார எடம் போட்டவன், பொண்ணை நிக்க வைக்க மாட்டான்" என்று அவள்தான் பிடிவாதமாக நின்று கல்யாணத்தை முடித்தாள்.

ஆனால் மாமனார் கடைசிவரை என்னை நம்பவில்லை. அவர் மகன்களுக்கும் அதே ரத்தம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் நாற்காலியை இழுத்துப்போட்டால் நின்றுகொண்டே இருப்பார்கள். உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுக்கவேண்டும்:

"உட்காருங்கடா, அவரு இப்ப யாரையும் எடுக்கறதில்ல."