பெண்கள் பக்கத்து டிவி

எனக்கு டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பத்து வருடம் முன்பு மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், என் பெரியம்மா மகள் நஸ்ரினின் நிக்காஹ் குறித்த நேரத்தில் நடந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. "நகருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்து, "வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்புவது என் வேலை. (அதற்குப் பெயர் டெஸ்டிங். நம்புங்கள், சம்பளமும் உண்டு.) ஆனால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் என்றால் கரண்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. மிக்ஸி நின்றால் எனக்குத்தான் போன் வரும். ஒருமுறை அனுமந்தையிலிருந்து ஒரு மாமி, மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டார். சுவிட்சை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். தண்ணீர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். நிக்காஹ் நடப்பது ஆண்கள் ஹாலில். மணப்பெண்ணோடு நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் நடப்பதை இந்தப் பக்கம் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் பார்ப்போம். மாப்பிள்ளையை முக்கால்வாசிப் பெண்கள் முதன்முதலாகப் பார்ப்பதே அந்த டிவியில்தான். அதனால் பிரியாணிக்கு அடுத்தபடியாக எங்கள் ஹாலில் மரியாதை டிவிக்குத்தான்.

நஸ்ரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். ஊரில் அவள் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட "அந்த ஒசரமான பொண்ணு" என்றால் தெரியும். முன்பு ஒரு வரன் வந்தபோது, பையனுடைய அம்மா அவளை எல்லோர் எதிரிலும் பையன் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரும் ஸ்டூடண்டும் மாதிரி இருக்குதே" என்று சிரித்துவிட்டுப் போனார். நஸ்ரின் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் வந்து சொன்னாள்: "எனக்கு வீடு வாசல் எதுவும் வேணாம்மா. என்னைவிட ஒரு இஞ்ச் ஒசரமா இருந்தா போதும். இன்னொரு தடவை எவன் பக்கத்துலயும் நிக்க வச்சு என்னைப் பாத்துச் சிரிக்க விடமாட்டேன்."

கீழ்புத்துப்பட்டுக் குடும்பம் ஒன்றிலிருந்து இம்தியாஸ் என்ற மாப்பிள்ளை வந்தார். ஷார்ஜாவில் வேலை. அவர் அனுப்பிய போட்டோவில் காரில் உட்கார்ந்திருந்தார். வீடியோ காலில் கழுத்துக்கு மேலேதான் தெரிந்தார். "பையன் நல்ல ஒசரம்" என்று அவர் அம்மா சொன்னார். (எந்த அம்மா தன் பையனைக் குட்டை என்று சொல்லியிருக்கிறார்?) பெரியம்மாவின் தம்பி ரபீக் மாமாவும் அடித்துச் சொன்னதால் பெரியம்மா சம்மதித்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் மாப்பிள்ளை விமானம் இறங்கினார். ஆண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் வீடியோக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். கேமராவிலிருந்து டிவிக்கு நேராக வரும் கேபிளின் முனை துருப்பிடித்துவிட்டதாம். படத்தை இன்டர்நெட் வழியாக ஒரு லேப்டாப்புக்கு அனுப்புகிறாராம். அந்த லேப்டாப்பை டிவியில் மாட்டிவிட்டால் போதுமாம். "உப்புக்காத்துங்க" என்றார். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். எங்கள் ஊரில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான் காரணம் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. லேப்டாப்பையும் ஒயரையும் திரைக்கு அடியில் தள்ளிவிட்டு, "உள்ள கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். நூறு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

மாட்டினேன். படம் வந்தது. ஆனால் நான்கு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில், நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஸ்ரத்தின் நாற்காலி தெரிந்தது. இடது ஓரத்தில் இருந்த மாப்பிள்ளை சோபாவில் பாதியைக் காணவில்லை.

"இன்னாடி ஃபர்ஸானா, மாப்பிள்ளை உக்கார்ற எடமே தெரியல?" என்றார் பெரியம்மா.

திரைக்குப் பின்னாலிருந்து வீடியோக்காரர், "டிவி ரிமோட்ல படத்தை அடக்கற பட்டன் இருக்கும் மேடம், அதை அமுக்குங்க" என்றார். ரிமோட்டைத் திறந்தால் உள்ளே பேட்டரி பச்சையாகப் பூத்திருந்தது. (உப்புக்காற்று.) "அப்ப விட்டுடுங்க மேடம். நான் கேமராவை ரெண்டடி பின்னால தள்ளி வச்சுக்கறேன்" என்றார் அவர்.

சரியான யோசனை. ஒரு நிமிட வேலை. படித்தவள் அதற்கு ஒத்துக்கொள்வாளா?

"வேணாங்க. நான் ரெசல்யூஷனை மாத்திடறேன்" என்றேன்.

கம்ப்யூட்டர் டிவிக்கு அனுப்பும் படம் அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் ரெசல்யூஷன். பட்டியலில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அது போதாதென்று, நாமே எண்களை அடித்துக்கொள்ள ஒரு கட்டமும் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் கண்டால் என்னைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. முதலில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டேன். டிவி கறுத்துப்போனது. "அய்யய்யோ" என்று ஹாலே எழுந்தது. நான் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தேன். பதினைந்து விநாடியில் படம் தானாகத் திரும்பி வந்தது. நாம் சரி என்று அமுக்காவிட்டால் கம்ப்யூட்டரே பழையபடி மாற்றிக்கொள்ளும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு, "சரி பண்ணிட்டேன்" என்று சொன்னேன்.

நான்காவது முயற்சியில் அகலம் 1280, உயரம் 1024 என்று அடித்தேன். வந்தது! நான்கு மூலையும் தெரிந்தது. சோபா முழுசாக வந்தது, அதன் கைப்பிடியில் தொங்கிய பூ உட்பட. பெண்கள் கைதட்டினார்கள். பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நான் சரி என்பதை அமுக்கிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

ஹஸ்ரத் வந்து உட்கார்ந்தார். "மாஷா அல்லாஹ், ஹஸ்ரத் உடம்பு தேறிட்டாரே" என்றார் ஒரு மாமி. அவர் ஏற்கெனவே வாட்டசாட்டமானவர் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து மாப்பிள்ளை வந்தார்.

தலையிலிருந்து பூச்சரம் தொங்கி முகத்தை மறைத்திருந்தது. அதற்குக் கீழே ஷெர்வானி போட்டுக்கொண்டு ஒரு பீரோ நடந்து வந்தது. குட்டையாக, அகலமாக, கழுத்தே இல்லாமல்.

"இது மாப்பிள்ளையோட அண்ணனா இருக்கும்" என்றார் அதே மாமி. அண்ணன் நேராகப் போய் மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தார்.

"அடியே, மூஞ்சியே தெரியலயே. ஆளையே மாத்திட்டாங்களா?" என்றார் பெரியம்மா.

நஸ்ரின் என் கையைப் பிடித்தாள். "ஃபர்ஸானா, டிவி சரியாத்தானே காட்டுது?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். "படம் பக்காவா இருக்குது நஸ்ரின்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ரபீக் மாமா இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வந்தார். பெண்ணின் சார்பில் அவர்தான் வக்கீல். பெண்ணிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு போய் ஹஸ்ரத்திடம் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் நிக்காஹ். வழக்கமாகப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், பக்கத்திலிருப்பவர்கள் "சொல்லும்மா, சொல்லும்மா" என்பார்கள், அவளும் மெல்லச் சொல்லுவாள். மாமா தொண்டையைக் கனைத்தார்.

"இருங்க மாமா" என்றாள் நஸ்ரின்.

"என்னம்மா?"

"அவர் எவ்ளோ ஒசரம்?"

"இதென்னம்மா கேள்வி? நல்ல ஒசரந்தான். நான் என்ன டேப் வச்சா அளந்தேன்?"

"நான் டிவில பாத்துட்டேன் மாமா. என்னை ஏமாத்திட்டீங்க." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"டேய் ரபீக், அல்லாவுக்காக உண்மையச் சொல்லுடா!" என்று பெரியம்மா திரையைப் பார்த்துக் கத்தினார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் போயி ஹஸ்ரத்துகிட்ட சொல்லிட்டு வர்றேன்" என்று நகர்ந்துவிட்டார்.

நாங்கள் டிவியைப் பார்த்தோம். ஊதா நிறச் சட்டையில் ஒரு குண்டு ஆள் ஹஸ்ரத்தை நோக்கி நடந்து போனார்.

"ரபீக் சட்டையை யாரு போட்டுட்டுப் போறது?" என்றார் அந்த மாமி.

குண்டு ஆள் குனிந்து ஹஸ்ரத்தின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். சாட்சாத் எங்கள் மாமாவேதான். நிஜத்தில் நாற்பது வருடப் பிரியாணி தோற்றுப்போன ஒல்லி உடம்பு அவருக்கு. காற்றடித்தால் பறந்துவிடுவார் என்று அவர் மனைவியே பயப்படுவார். அந்த மாமா டிவியில் தொப்பையோடு வந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. டிவி அகலமானது, நான் கொடுத்த எண்களோ கிட்டத்தட்டச் சதுரம். அதை அந்த டிவி இழுத்துப் பிடித்து ஆட்களையெல்லாம் ஒன்றரை மடங்கு அகலமாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையிடம் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு முழுவதும் நான்தான்.

உடனே சொல்லியிருக்கலாம். நூறு பேர் எதிரில் எப்படிச் சொல்வது? யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று லேப்டாப் பக்கம் நழுவினேன். எண்களைத் தப்பாக அடித்து, பதற்றத்தில் சரி என்பதையும் அமுக்கித் தொலைத்தேன். டிவி கறுத்தது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

"சண்டை ஆரம்பிச்சுட்டுது! கேமராவ நிறுத்திட்டாங்க!" என்று யாரோ அலறினார்கள். அதற்கேற்றாற்போலத் திரைக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே சத்தம் எழுந்தது. "பொண்ணு சம்மதம் சொல்லலியாம்" என்று ஒரு குரல். "இன்னாங்க, விளையாட்டா இருக்குதா? எந்திரிடா இம்தியாஸ், போலாம்" என்று இன்னொரு குரல். அதுதான் மாப்பிள்ளையின் நிஜ அண்ணன்.

நஸ்ரினைப் பார்த்தேன். கண்ணில் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. என்னுடைய ஒரு பந்தாவுக்காக இவள் வாழ்க்கை போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

"பெரியம்மா, தப்பு என்னுது. டிவிய நான்தான் இழுத்து வுட்டுட்டேன். மாப்பிள்ளை அப்படி இல்ல" என்றேன்.

யாரும் நம்பவில்லை! "சும்மா சமாதானம் சொல்லாதடி. படம் பக்காவா இருக்குதுன்னு நீதானே சொன்னே?" என்றார் பெரியம்மா.

வேறு வழி தெரியாமல் திரைக்கருகே ஓடிப்போய், என் வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினேன். "மாமா! மாப்பிள்ளையக் கொஞ்சம் இங்க வந்து நிக்கச் சொல்லுங்க!"

அந்தப் பக்கமிருந்து ஹஸ்ரத்தின் குரல் கேட்டது. "போயி நில்லுங்க தம்பி. தெரிஞ்சு சொன்னாத்தான் சம்மதம். பொண்ணு கேக்கறதுல தப்பில்ல."

காலடிச் சத்தம் வந்தது. நஸ்ரின் எழுந்து திரைக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். திரை கட்டிய கயிறு அவள் தலைக்கு ஒரு விரல் மேலே இருந்தது. நாங்கள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். கயிற்றுக்கு மேலே முதலில் மல்லிகைப் பூ தெரிந்தது. அப்புறம், பூச்சரத்தை ஒதுக்கியதும் வியர்த்த நெற்றி. அப்புறம், யாரையும் பார்க்கக் கூடாது என்று மேலே ஓடும் ஃபேனை நோக்கித் தூக்கிய இரண்டு புருவம்.

"சம்மதம் மாமா!" என்றாள் நஸ்ரின்.

"நான் இன்னும் கேக்கவே இல்லம்மா" என்றார் மாமா.

நிக்காஹ் நாற்பது நிமிடம் தாமதமாக நடந்தது. டிவி கடைசிவரை வரவில்லை. நாங்கள் காதால் கேட்டுக்கொண்டோம். துஆ ஓதி முடிந்ததும் பெரியம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அந்தத் தடம் ஆறு நாள் இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் யாரோ வேடிக்கைக்காக மாப்பிள்ளையைத் திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்கள். அதற்கடுத்த கல்யாணத்திலும் சொன்னார்கள். இப்போது எங்கள் குடும்பத்தில் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. போன வருடம் வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தி, இது எந்த மார்க்கக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று ஹஸ்ரத்திடம் கேட்டிருக்கிறார். ஹஸ்ரத் அதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சடங்குக்கு நானும் தப்பவில்லை. நஸ்ரின் கல்யாணத்துக்கு நான்கு வருடம் கழித்து, அதே மண்டபத்தில் எனக்கு நிக்காஹ். என் உயரம் ஐந்தடி. மாப்பிள்ளையின் உயரத்தைப் பற்றி எனக்கு எந்த நிபந்தனையும் இல்லை. ஆனாலும் விடுவார்களா? நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நூறு பெண்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா ரபீக், மாப்பிள்ளை இன்னும் வரலியா?" என்று பெரியம்மா குரல் கொடுத்தார்.

திரைக்கு அந்தப் பக்கம், சற்றுக் கீழேயிருந்து, பணிவாக ஒரு குரல் வந்தது. "நான் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க."

ஹால் சிரித்த சிரிப்பில் நான் சம்மதம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மாமா மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது. மூன்றாம் தடவைதான் ஒத்துக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.