‘திருப்தி’ என்று உங்கள் கையால்

மதிப்பிற்கும் ஓரளவு பயத்திற்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வணங்கி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். மாப்பிள்ளை மட்டும் நலமில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றுமில்லை. நீங்கள் எங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதம்தான். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக உங்கள் வலது கை இந்த மாதக் கடைசிவரை நலமாக இருந்தாக வேண்டும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் பீர் கம்பெனி ஆரம்பித்து நூற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அதில் நாற்பது வருஷம் நீங்கள் குடித்த வருஷம், அதனால் உங்கள் வார்த்தைக்குக் கம்பெனியில் தனி மரியாதை உண்டு. பீர் காய்ச்சும் மாஸ்டரின் கையெழுத்தை ஒவ்வொரு பாட்டில் லேபிளிலும் அச்சடிப்பது தாத்தா முதலாளி காலத்து வழக்கம். மூன்று மாதத்துக்கு முன் பெரிய மாஸ்டர் ஓய்வு பெற்றார், லேபிளில் புதுக் கையெழுத்து வந்தது, ஐந்தாவது வாரமே உங்கள் கடிதம் வந்துவிட்டது. “எவனோ கைராசி இல்லாதவனைக் கொண்டுவந்து மாஸ்டராக்கியிருக்கிறீர்கள், அவன் தொட்டி கழுவக்கூட லாயக்கில்லை, இது பீரே அல்ல, பீரைப் பார்த்துவிட்டு வந்த தண்ணீர்” என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், அந்த எவனோ உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், புருஷன். வேலை நிரந்தரமான பிறகு உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று உங்கள் தங்கைதான் வாயை அடைத்துவிட்டாள், இதில் என் குற்றம் ஒன்றுமில்லை. இன்னொன்று, அவர் மாஸ்டராவதற்கு முன் ஏழு வருஷம் தொட்டிதான் கழுவினார். நன்றாகவே கழுவினார்.

இருபத்தொன்பது வருஷமாக நான் இந்தக் கம்பெனியின் கடிதப் பிரிவில் இருக்கிறேன், வருகிற புகாருக்கெல்லாம் பதில் எழுதுவது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வழக்கமான நலம் விசாரிப்பு என்று நினைத்து மேஜையில் பிரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், அந்த நேரம் பார்த்து மகள் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தவள் அதைப் படித்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “மாமாவே இப்படி எழுதிட்டாரேப்பா” என்றாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் டேங்கில் ஏதாவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி பேக்டரிக்கே போனார். மறைப்பானேன், எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது.

உங்கள் கடிதம் தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஊருக்கு ஒரு பேச்சு கிடைத்தால் போதாதா, அடுத்த வாரமே இங்கே பார்களில் உட்காருகிறவர்கள் நாலு பேர் புகார் கொடுத்தார்கள். முடிவெட்டுகிறவர் நுரை சவரக் கிண்ணத்து நுரை மாதிரி இருக்கிறது என்று எழுதினார். ரிட்டயரான பஸ் டிரைவர், குடித்த பிறகு வளைவில் திரும்புகிற உணர்ச்சி முன்போல் வருவதில்லை என்றார். தையல்காரர் ருசி ஒரு பிடி குறைகிறது என்றார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி நிறுத்துப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தராசு என்றே பெயர், அவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் “சொல்லத் தெரியவில்லை” என்று முடித்திருந்தார். எல்லோருடைய சாரமும் ஒன்றுதான், முன்னே மாதிரி இல்லை. நானும் பழைய கோப்புகளை இறக்கிப் பார்த்தேன். கம்பெனி திறந்த மூன்றாவது வாரம் வந்த முதல் புகாரே என்ன தெரியுமா, “திறப்பு விழாவன்று கொடுத்த மாதிரி இல்லை” என்பதுதான். அதன் பிறகு நூற்றுப் பன்னிரண்டு வருஷமும் அதே வாக்கியம், மை மட்டும் மாறியிருக்கிறது.

இதைச் சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் தாத்தா முதலாளி எழுதிவைத்த விதியை எடுத்துக் காட்டினார். புகார் கொடுத்தவர் தன் கையாலேயே ‘திருப்தி’ என்று எழுதித் தராமல் கோப்பை மூடக்கூடாது, திறந்த கோப்பு ஒன்று இருந்தாலும் மாஸ்டரை நிரந்தரமாக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் ஐந்து கோப்பும் மூடாவிட்டால் மாப்பிள்ளை மறுபடி தொட்டி கழுவப் போக வேண்டியதுதான். அதற்காக நேற்று சனிக்கிழமை, உள்ளூர்ப் புகார்க்காரர்கள் நாலு பேரையும் ருசி பார்க்கும் அறைக்கு வரச் சொன்னார்.

இங்கேதான் என் தலைவலி ஆரம்பம். தினமும் பதினோரு மணிக்கு மூன்று பேர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், மூன்றாவது கையெழுத்து என்னுடையது. இருபத்தொன்பது வருஷமாக ‘வழக்கம்போல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் மச்சான், நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. வாசனைக்கே விக்கல் வரும். என் கிளாஸை எலக்ட்ரீஷியன் குடித்துவிடுவார். அவர் தினமும் சரியாகப் பதினோரு மணிக்கு எங்கள் பிரிவு மின்விசிறியைப் பார்க்க வருவார், அதனால் அந்த மின்விசிறி இன்றுவரை பழுதானதில்லை. இது தெரியாத சின்ன முதலாளி எல்லோர் முன்னாலும் என் எதிரே ஒரு கிளாஸை வைத்து, “நீங்க சொல்லுங்க. உங்க நாக்கு இருபத்தொன்பது வருஷ நாக்கு” என்றார். கதவு ஓரத்தில் மாப்பிள்ளை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சனிக்கிழமை வழக்கமான ருசி பார்ப்பு கிடையாது, அதனால் எலக்ட்ரீஷியனும் வருவதில்லை. என்ன செய்வேன், குடித்தேன். முதலில் கசந்தது. அப்புறம் அந்தக் கசப்பு போகாமல் நாக்கிலேயே கொஞ்ச நேரம் நின்றது. விக்கல் வரவில்லை. “வழக்கம்போல்தான் இருக்கு” என்றேன்.

யார் நம்பினார்கள்? மாமனார் அப்படித்தானே சொல்வார் என்று முடிவெட்டுகிறவர் சொல்லிவிட்டார். அப்போது தராசு, மேஜை மேல் இருந்த பழைய கையெழுத்துப் பாட்டிலைக் காட்டி, இது அல்லவா பீர், ஒரு மாதமாக இதைத் தேடித்தான் வாங்குகிறோம் என்றார், மற்ற மூவரும் தலையாட்டினார்கள். பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்த லேபிள் ஸ்டோர்காரருக்கு முகம் வெளுத்தது. புது லேபிள் கட்டுகளைப் பழைய கட்டுகள் மேலேயே இறக்கி வைத்துவிட்டார்கள், மேலே இருந்ததை எடுத்து முதலில் ஒட்டினேன், ஆறாவது வாரக் கடைசியில் அது தீர்ந்ததும் கீழே இருந்ததை ஒட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். பீர் டேங்கில் ஆறு வாரம் கிடந்துதான் வெளியே வரும். ஆக, புதுக் கையெழுத்தோடு போனதெல்லாம் பெரிய மாஸ்டர் காய்ச்சியது. பழைய கையெழுத்தோடு போய்க்கொண்டிருப்பது மாப்பிள்ளை காய்ச்சியது. நாலு பேரும் பாட்டிலை மாற்றி மாற்றி எடுத்து லேபிளைப் பார்த்தார்கள். கடைசியில் பஸ் டிரைவர், “அப்படீன்னா லேபிள் பசையை மாத்தியிருக்காங்க” என்றார். அப்புறம் நாலு பேரும் ‘திருப்தி’ எழுதிக் கொடுத்தார்கள். பஸ் டிரைவர் பசை பற்றித் தனியாக ஒரு புகார் கொடுத்திருக்கிறார், நல்லவேளையாக அது ஸ்டோர்காரர் தலையில்தான் விடியும்.

மிச்சம் இருப்பது உங்கள் கோப்பு ஒன்றுதான். நீங்கள் திட்டியது பெரிய மாஸ்டரின் பீர். போன வாரம் உங்கள் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், பழைய சரக்கு நாலு பாட்டில் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தது, அமிர்தம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த அமிர்தம் உங்கள் மருமகன் காய்ச்சியது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டு மேலே ஒட்டியதைக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். இதோடு வைத்திருக்கும் தாளில் ‘திருப்தி’ என்ற ஒரே வார்த்தையை எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும். அக்காவை எழுத வைக்க வேண்டாம், உங்கள் கையெழுத்து கம்பெனி முழுக்கத் தெரியும். மகள் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மூட்டுவலி குறையட்டும், நாக்கு மட்டும் இப்போதைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பெரியவர் நீங்கள், மாப்பிள்ளையை மனதார வாழ்த்தவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு அனுப்பலாம் என்று நேற்றைய பீரில் ஒரு பாட்டில் எடுத்து வந்திருந்தேன். எழுதி எழுதித் தொண்டை வறண்டு போனதால் இப்போதுதான் அதைத் திறந்து குடித்தேன். மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன, நேற்று மாதிரி இல்லை. டேங்க் எண்ணைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், இரண்டும் அதேதான், ஆனாலும் அந்தக் கசப்பு நாக்கில் நிற்கவே இல்லை. நேற்றுக் குடித்தது அல்லவா பீர். மனசு கேட்காமல் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதி முடித்துவிட்டேன். நாளைக் காலையில் அதற்கு நான்தான் பதில் எழுத வேண்டும், எழுதுவேன், ஆனால் ‘திருப்தி’ என்று மட்டும் என் கையால் எழுத மாட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.