வெள்ளைச்சாமி மன்னிப்புக் கேட்ட வீடியோ

"சார், நீங்க பேசுன வீடியோ பாத்தேன் சார். கண்ணுல தண்ணியே வந்துருச்சு," என்றான் ராமப்பன்.

வெள்ளைச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் அந்தக் கம்பெனியில் அவர் பதினெட்டு வருஷமாக சூப்பர்வைசர். அவர் பேசி லைனில் கண்ணீர் வந்தது உண்டுதான். அதை யாரும் இப்படி மனம் குளிர்ந்து சொன்னதில்லை.

"எந்த வீடியோடா?"

உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று கேட் செக்யூரிட்டி கேமரா மேல் ஒட்டிய ஸ்டிக்கரோடு போனை நீட்டினான் ராமப்பன். அதே மீசை, அதே கட்டம் போட்ட சட்டை, அதே விருதுநகர்க் குரல். "தம்பிகளா, உங்கள ரொம்பப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. என்னைய மன்னிச்சிருங்க." கடைசியில் கையை வேறு கூப்பினார்.

"இது நான் இல்லடா!"

"நீங்க கூச்சப்படுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார்."

வெள்ளைச்சாமி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். கம்பெனி பர்கூரில் புது யூனிட் திறக்கிறது. அங்கே மேனேஜராக யாரைப் போடுவது என்று பெங்களூர் டைரக்டர் வெள்ளிக்கிழமை நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார். தன்னிடம் இருக்கும் ஒரே தகுதி கண்டிப்புதான் என்று வெள்ளைச்சாமி நம்பிக்கொண்டிருந்தார். அதையும் எவனோ திருடிவிட்டான்.

வீட்டுக்குப் போய் மனைவி ராசாத்தியிடம் காட்டினார். அவள் நான்கு தடவை பார்த்தாள்.

"நான் இல்லடி அது. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"அது தெரியுது. நீங்க எங்க கை கூப்புனீங்க? எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவாங்களான்னு கேளுங்க."

அன்றைக்கே கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். "அந்த வீடியோ போலி. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்."

உடனே குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் தர்ஷினி பதில் போட்டாள். "யாரோ சார் போனை ஹேக் பண்ணிட்டாங்க. நம்ம சார் இவ்வளவு மோசமா பேச மாட்டார்."

அதற்கு நாற்பத்து நான்கு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

சரி, வீடியோவை வீடியோவால்தான் அடிக்க வேண்டும் என்று, செவ்வாய்க்கிழமை தானே ஒன்று எடுத்தார். மூன்று நிமிஷம் மூச்சு விடாமல் திட்டு. இதையும் திருடிவிடக் கூடாதே என்று, 'உண்மையான வெள்ளைச்சாமி, காப்பியடித்தால் நடவடிக்கை' என்று பெரிய எழுத்தில் முகத்துக்குக் குறுக்கே அடித்து, அடியில் போன் நம்பரையும் போட்டு பேஸ்புக்கில் ஏற்றினார். எழுத்து கண்ணை மறைத்தது, மூக்கை மறைத்தது. வாய் மட்டும் தெரிந்தது.

மதியத்துக்குள் ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்.

"அண்ணா, வாய் மட்டும் ஆடுதே, பல்பொடி விளம்பரமுங்களா? ஏஜென்சி குடுக்கறீங்களா?"

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார். சைபர் கிரைமில் சப்-இன்ஸ்பெக்டர் ஜோதியம்மாள் பேனாவைத் திறந்தார்.

"பணம் எதாச்சும் போச்சா?"

"இல்லீங்க மேடம்."

"அசிங்கமா எதாச்சும் காட்டியிருக்கானா?"

"இல்லீங்க. என்னைய நல்லவனா காட்டிட்டான்."

பேனா மூடிக்கொண்டது. மேடம் அவருடைய பேஸ்புக்கைத் திறந்து பார்த்தார். காலை வணக்கம், ஒழுக்கம், நேரம் தவறாமை என்று தினம் ஒன்றாக முந்நூற்றுப் பன்னிரண்டு வீடியோ.

"மூஞ்சி, குரல், கையாட்டறது எல்லாத்தையும் நீங்களே ஊருக்குத் தொறந்து போட்டிருக்கீங்க. மொதல்ல இதப் பூட்டுங்க." பிறகு பின்னால் கண்ணைக் காட்டினார். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு போட்டோவ என்ன பண்ணி வச்சிருக்கானுங்கன்னு தெரியுமா? காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீங்க நல்லவனா ஆயிட்டேன்னு அழுதுட்டு வர்றீங்க."

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மேடம் தொல்லை தாங்காமல் புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

பஸ்ஸிலேயே முந்நூற்றுப் பன்னிரண்டையும் அழித்தார். சூளகிரி தாண்டும்போது வாட்ஸ்அப்பில் தன் படத்தை எடுத்துவிட்டுப் பிள்ளையார் படம் வைத்தார். அப்படியும் பயம் போகவில்லை. கம்பெனி டைம் ஆபீசுக்குப் போன் போட்டு, "என் மூஞ்சி எங்கிட்டும் இருக்கக் கூடாது, மொத்தமா அழிச்சிருங்க," என்றார். அவர்களும் சொன்னபடி செய்தார்கள்.

வியாழக்கிழமை காலை வருகைப் பதிவு மெஷின் முன்னால் நின்றார். 'முகம் பொருந்தவில்லை' என்றது. மாஸ்க்கை இறக்கினார். பொருந்தவில்லை. முறைத்துப் பார்த்தார். மெஷின் பயப்படவில்லை. அன்றைக்கு முழுக்க வேலை பார்த்தும் ஆப்சென்ட்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். பக்கத்தில் எச்.ஆர். பவுலினா மேடம். வெள்ளைச்சாமி உட்காரக்கூட இல்லை. போலீஸ் ரசீதை மேஜையில் வைத்தார்.

"சார், அந்த வீடியோல இருக்கறது நான் இல்ல. பதினெட்டு வருஷத்துல ஒருத்தன்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டதில்ல. போலீஸ்லயே எழுதிக் குடுத்திருக்கேன்."

டைரக்டர் பவுலினாவைப் பார்த்தார். பவுலினா ரசீதைப் பார்த்தார்.

"வெள்ளைச்சாமி சார், பர்கூர்ல எல்லாம் புது ஆளுங்க. தட்டிக்குடுத்து வேலை வாங்கற மேனேஜர்தான் வேணும்னு தேடிட்டிருந்தோம். அந்த வீடியோவப் பாத்துத்தான் உங்க பேர லிஸ்ட்ல மொதல்ல எழுதினேன்."

வெள்ளைச்சாமி ரசீதை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்படிங்களா மேடம்? யோசிச்சுப் பாத்தா, அது நான்தான்."

"அப்ப போலீஸ்ல குடுத்தது பொய்ப் புகாருங்களா?"

பர்கூர் கைவிட்டுப் போய், ரசீதோடு மாடிப்படி இறங்கினார். விஷயம் அவருக்கு முன்னாலேயே கீழே வந்துவிட்டது. டீ நேரம், லைன் நின்றிருந்தது. தர்ஷினி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ராமப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்து நான்கு பேரில் ஒருவர்கூட டீயைத் தொடவில்லை.

வெள்ளைச்சாமி நடுவில் போய் நின்றார். இத்தனை வருஷம் திட்டியும் இவ்வளவு பாசமா? நிஜமாகவே ஒரு மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்கு மேனேஜர் வேலை கெடைக்கலன்னா நீங்க ஏம்ப்பா அழுகுறீங்க? நான் இங்கிட்டே உங்க கூடத்தான இருக்கப் போறேன்."

ராமப்பனுக்கு அழுகை இன்னும் கூடியது. டீ ஊற்ற வந்த கேண்டீன் நஞ்சம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கெட்டிலை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அய்யோ கடவுளே! உங்கள எப்பிடியாச்சும் பர்கூருக்கு அனுப்பிரலாம்னு, இந்தப் பசங்க மூணு வாரம் உக்காந்து பண்ணுன வீடியோ சார் அது!"